வட்டமாகப் போட்ட பன்னிரண்டு நாற்காலிகள்

எங்கள் கோயில் பங்கில் இப்போது மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள். ஊதாரி மகன் கதையைக் கோயில் சுவரில் படமாக ஓட்டிக் காட்டுகிறார்கள். அவன் மேய்த்த பன்றிகள் நிஜமாகவே உறுமுகின்றன. நான் உபதேசியாராக இருந்த காலத்தில் என்னிடம் இருந்தவை ஒரு பைபிள், ஒரு கைமணி, மட்கார்டு இல்லாத ஒரு சைக்கிள், பிறகு கடவுள் கொடுத்த தொண்டை. பன்றி மாதிரி உறுமவும் நான்தான் உறுமவேண்டும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஜெனிஃபர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சென்ற தவக்காலத்தில் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பெரிய வியாழன் மாலைப் பூசையில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்துச் சாமியார் பாதம் கழுவுவார் இல்லையா, இயேசு தம் சீடர்களுக்குச் செய்தாரே என்று? அதற்கு எல்லா ஊர்க் கோயிலிலும் நாற்காலிகளை வரிசையாகத்தான் போடுகிறார்கள், நம் ஊரில் மட்டும் ஏன் வட்டமாகப் போடுகிறோம் என்று கேட்டாள். புதிதாக வந்திருக்கும் சாமியாரிடம் கேட்டாளாம். அது சகோதரத்துவத்தின் அடையாளம் என்று அவர் சொன்னாராம். தப்பில்லை. ஆனால் முதன்முதலில் வட்டமாகப் போட்டவன் நான். அன்றைக்கு எனக்குச் சகோதரத்துவமும் தோன்றவில்லை, ஒன்றும் தோன்றவில்லை. ஊர் இரண்டாகப் பிளந்துவிடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. அதை எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்கு வடக்கே, குடமுருட்டிக் கரையில். நான் கீழத்தெருக்காரன், வயல் வேலை செய்த குடும்பம். எட்டாவது முடித்ததும் கும்பகோணத்தில் உபதேசியார் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வருடம் ஞான உபதேசமும் பாட்டும் கொஞ்சம் லத்தீனும் கற்றேன். நான் ஊர் திரும்பிய சில வருடங்களிலேயே பூசை தமிழுக்கு வந்துவிட்டதால் லத்தீன் வீணாகப் போயிற்று. பயிற்சியில் இன்னும் மறக்காதது, விடுதிக்கு எதிரே இருந்த கடையில் காலையில் காபிக்கொட்டை வறுக்கும் வாசனை மட்டும்தான்.

உண்மையான பயிற்சி மதலைமுத்து சாமியிடம் கிடைத்தது. அவர் எங்கள் பங்குச் சாமியார். குள்ளமான மனிதர், பொடி போடுவார், ஒரு பேச்சுக்கு இரண்டாவது பேச்சு பேசமாட்டார். அவருக்குக் கீழே பல கிராமங்கள் இருந்தன. அவர் வரமுடியாத ஞாயிறுகளில் நான் சைக்கிளில் போய் மணி அடித்து, செபம் சொல்லி, சுவிசேஷத்தை வாசித்து, நாலு வார்த்தை விளக்கம் சொல்லவேண்டும். சாயங்காலம் அவர் முன்னால் வந்து நிற்கவேண்டும். மனிதர் என்ன வாசித்தாய் என்று கேட்கமாட்டார். "யாரை நெனச்சுக்கிட்டு சொன்ன?" என்பார்.

முதல் தடவை எனக்குப் புரியவில்லை. எல்லாரையும் நினைத்துத்தான் சாமி என்றேன். எல்லாருக்கும் சொன்னது யாருக்கும் சொன்னதில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு பேசக் கற்றேன். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். யாரை நினைத்துச் சொல்கிறோமோ, சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கக்கூடாது. ஆனால் மறுநாள் அவன் வீட்டுக்குப் போகவேண்டும். போய் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அவன் வீட்டு மாடு, பிள்ளை, வைக்கோல் என்று பேசிவிட்டு வந்துவிடவேண்டும்.

ஒருமுறை, அடுத்தவன் கண்ணில் இருக்கும் துரும்பைப் பார்க்கிற நீ உன் கண்ணில் இருக்கும் உத்தரத்தைப் பார்க்கவில்லையே என்ற பகுதி வந்தது. எங்கள் ஊர் செபஸ்தியானை நினைத்துத்தான் சொன்னேன். ஊரில் ஒருத்தர் மிச்சமில்லாமல் குறை சொல்பவர் அவர். முடித்து இறங்கியதும் அவரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரமாதமா சொன்னீங்க உபதேசியாரே. எங்க மச்சானுக்கு இது உறைக்கணும்" என்றார். சாமியிடம் சொன்னேன். அவர் பொடி போட்டுத் தும்மி முடிக்கும் வரை சிரித்தார். அப்போதும் மறுநாள் செபஸ்தியான் வீட்டுக்கு என்னை அனுப்பத் தவறவில்லை.

இன்னொரு கிராமத்தில் விதைப்பவன் உவமையைச் சொன்னேன். விதைக்கப் புறப்பட்டவன் இறைத்த விதைகளில் சில வழியோரம் விழுந்தன, சில பாறையில், சில முள்ளில் என்று சொல்லிக்கொண்டு வரும்போதே பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். நம் பக்கத்தில் விதையை ஊறவைத்து, முளைகட்டி, நாற்றங்காலில் ஒரு மணி வெளியே சிதறாமல் தெளிப்பார்கள். வழியிலும் முள்ளிலும் இறைக்கிறவனை எந்தப் பண்ணையில் வேலைக்கு வைப்பார்கள் என்று அவர் கேட்டார். சனம் சிரித்தது. சாயங்காலம் சாமியிடம் சொன்னபோது, "அவரு கேட்டதுதான் பிரசங்கம். இவன் முளைப்பான், இவன் முளைக்கமாட்டான்னு பார்த்துத் தெளிக்கிறது நம்ம பழக்கம். ஆண்டவர் வாரி இறைக்கிறாரு" என்றார். அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

இனி நாற்காலிக்கு வருகிறேன்.

பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பது உபதேசியார் வேலை. அதற்கு முந்தின குருத்து ஞாயிறன்றே ஆட்களிடம் சொல்லிவிடவேண்டும். பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கவேண்டும், செம்பு, துண்டுகள், தண்ணீர்த் தவலை எல்லாம் எடுத்துவைக்கவேண்டும். ஆட்களைச் சேர்ப்பதைவிடப் பெரிய பாடு அவர்கள் கால். சாமியார் தொட்டுக் கழுவப் போகிறார் என்று எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, எண்ணெய் வேறு தடவிக்கொண்டு வருவார்கள். மதலைமுத்து சாமிக்கு இது பிடிக்காது. "கழுவின காலைக் கழுவுறதுக்கு நான் எதுக்கு?" என்பார். வயலில் இருந்து அப்படியே வாருங்கள் என்று வருடாவருடம் சொல்வார். ஒருத்தர் கேட்டதில்லை.

நாற்காலிகள் பெரிய வீட்டிலிருந்து வரும். ஞானப்பிரகாசம் மிராசுதாரின் வீடு. பதினொரு தேக்கு நாற்காலிகள். பன்னிரண்டாவதாகப் பள்ளிக்கூடத்து முக்காலியைப் போடுவோம். முதல் நாற்காலி தலைமைச் சீடர் பேதுருவுடையது என்று பேர். அதில் மிராசுதார் உட்காருவார், அவருக்கு முன் அவர் அப்பா உட்கார்ந்தார். அடுத்து அவர் பங்காளிகளும் நிலம் வைத்திருந்த பெரிய தெருக்காரர்களும். கடைசியில் இருக்கும் முக்காலிக்கு யூதாஸ் நாற்காலி என்று பேர். காட்டிக்கொடுத்தவன் இடத்தில் எவன் உட்காருவான்? அதனால் அதைக் கீழத்தெருவுக்கு விட்டிருந்தார்கள். இன்னாசியின் அப்பா உட்கார்ந்தார், பிறகு இன்னாசி. கீழத்தெருக்காரர்கள் அதைக்கூடப் பெருமையாகத்தான் நினைத்தார்கள். சாமியார் கை படுகிறதே.

இன்னாசி என் வயதுக்காரன், கூட விளையாடியவன். மிராசுதாரின் நிலத்தில் ஒரு பகுதியை அவன் அப்பா காலத்திலிருந்து வாய்ப்பேச்சில் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தான். அப்போது ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊருக்கு ஊர் கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் பறந்தன. கூலித் தகராறு இல்லாத அறுவடை கிடையாது. குத்தகைக்காரர்கள் தாங்கள் உழும் நிலத்துக்குத் தங்கள் பெயரைப் பதிந்துகொள்ளலாம், அவர்களை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்தது. இன்னாசி யாரிடமும் சொல்லாமல் போய்ப் பதிந்துவிட்டான்.

மிராசுதாருக்கு நிலத்தைவிட அதுதான் வலித்தது. அவர் இன்னாசிக்கு ஞானத்தகப்பன்; ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தியவர். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னாசி குத்தகைக்காரனே இல்லை, வெறும் கூலி ஆள்தான் என்று கும்பகோணத்தில் மனுப் போட்டார். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வரும்போது அவன் ஏர் வயலில் இறங்கினால் நடப்பது வேறு என்றும் சொல்லி அனுப்பினார். இன்னாசிக்கு மனைவி, நாலு குழந்தைகள். அந்த வயலை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது.

அந்த வருடம் குருத்து ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது, கோயில் வாசலில் வைத்து, எல்லார் காதிலும் விழும்படி மிராசுதார் சொன்னார்: "இவனுங்களுக்கு யூதாஸ் நாற்காலிய விட்டு வெச்சது சரியாத்தான் இருக்கு." பெரிய தெருக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். இன்னாசி குருத்தோலையைக் கோயில் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். நானும் கீழத்தெருக்காரன்தானே. ஆனால் எனக்குச் சம்பளமாக அறுவடைக்கு அறுவடை நெல் அளப்பவர்கள் பெரிய தெருக்காரர்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே கீழத்தெருவில் பேசி முடித்துவிட்டார்கள். இனி ஒருவரும் கோயிலுக்கு வரப்போவதில்லை. சாமியாரிடம் ஓடினேன். அவர் கேட்டுவிட்டுப் பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார். பிறகு, பெரிய வீட்டு நாற்காலி வேண்டாம், பன்னிரண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும், பெரிய தெருவில் ஆறு பேர், கீழத்தெருவில் ஆறு பேர், அதில் இன்னாசி இருக்கவேண்டும், மிராசுதாரும் இருக்கவேண்டும் என்றார். எப்படிச் சாமி என்றேன். "நீதானே உபதேசி" என்று சொல்லிவிட்டு செபமாலையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் இன்னாசியைத் தேடிப்போனேன். உளுந்து பறித்துக் களத்தில் போட்டுக்கொண்டிருந்தான். நான் வழி நெடுகத் தயார் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். ஆண்டவர் அன்றைக்குப் பன்னிரண்டு பேர் காலையும்தான் கழுவினார், யூதாஸ் காலை விட்டுவிடவில்லை, ஆகவே அந்த இடம் ஒன்றும் இழிவான இடமில்லை என்றேன். நல்ல வாதம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப நான் யூதாஸ்னு ஒத்துக்கிட்டு வந்து உக்காரணுங்களா?"

அவனே தொடர்ந்தான்: "கேட்டிருந்தா குடுத்திருப்பாருன்னு சொல்றாரு. கேக்குறதுக்கு நான் எங்க நிக்கணும்? வாசல்ல. எங்கப்பாவும் அங்கதான் நின்னாரு. நான் யாரையும் காட்டிக்குடுக்கல உபதேசியாரே. என் பேரைச் சொன்னேன், அவ்வளவுதான்."

வேதத்தை வைத்து அவன் வாயை அடைக்கப் போனவன், வாயடைத்துத் திரும்பினேன்.

புதன்கிழமை பாபநாசம் போய், பந்தல் சாமான் வாடகைக்கு விடும் அமீது பாய் கடையில் பன்னிரண்டு மடக்கு நாற்காலி எடுத்தேன். என்ன விசேஷம், கல்யாணமா என்று பாய் கேட்டார். கால் கழுவ என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார். கோயிலில் கொண்டுவந்து வரிசையாகப் போட்டேன். இரும்பு நாற்காலிகள், ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. ஆனாலும் கடைசி ஒன்று இருக்கத்தானே செய்தது? இன்னாசியை முதலில் வைத்தால் மிராசுதார் எழுந்து போவார். நடுவில் வைத்தால் கடைசியில் வருபவன் போவான். இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். என் மனைவி லூர்து கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலிகளோடு மல்லுக்கட்டுவதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னாள்: "வரிசைன்னு ஒண்ணு போட்டாத்தானே கடைசின்னு ஒண்ணு வரும்? களத்துல கஞ்சி குடிக்கிறப்ப எல்லாரும் எப்படி உக்காருறாங்க?"

அவ்வளவுதான். பீடத்துக்கு முன்னால் வட்டமாகப் போட்டோம். திரும்பவும் இன்னாசியிடம் போனேன். இந்தத் தடவை வேதம் எதுவும் பேசவில்லை. கடைசி நாற்காலி என்று ஒன்று இல்லை, வந்து பார், இருந்தால் அப்படியே திரும்பிப் போய்விடு என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கீழத்தெருவில் மற்ற ஐந்து பேரிடமும் அதையே சொன்னேன்; வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

வியாழன் மாலை மிராசுதார் முதல் ஆளாக வந்தார். வராவிட்டால் இடம் போய்விடுமே. வட்டத்தைப் பார்த்துவிட்டு, என்ன உபதேசியாரே சர்க்கஸா என்றார். பீடத்துக்கு நேராக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். அவருக்கு வலப்பக்கம் அவர் பங்காளி. இடப்பக்கம் ஒரு நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் நிறைந்தது. பெரிய தெருக்காரர்கள் அவர் மேல் உள்ள மரியாதையில் விட்டார்கள், கீழத்தெருக்காரர்கள் பயத்தில் விட்டார்கள். யாரும் திட்டம் போடவில்லை.

சாமியார் சுவிசேஷம் வாசித்துக்கொண்டிருந்தபோது இன்னாசி வந்தான். வாசலில் நின்று வட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அவன் நடந்து வந்து மிராசுதார் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், எழவில்லை.

சாமியார் மேலங்கியைக் கழற்றி இடுப்பில் துண்டைக் கட்டினார். வழக்கம்போல மிராசுதாரிடமிருந்து தொடங்கினார். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் ஒரு கையில் தாம்பாளத்தை நகர்த்தி, மறு கையில் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனேன். சாமியார் ஒவ்வொருவர் முன்னாலும் முழங்காலிட்டு எழுந்தார். எல்லாம் சோப்புப் போட்ட கால்கள். தண்ணீர் ஊற்றியது போலவே தெளிவாகத் தாம்பாளத்தில் கிடந்தது. வட்டம் சுற்றிப் பதினோராவது ஆளை முடித்தபோது சாமியாரால் எழ முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. நான் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தூக்கி, இன்னாசி முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தேன். என் இரண்டு கையும் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தன. சாமியார் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "ஞானப்பிரகாசம், செம்பை எடுத்து ஊத்துங்க."

பூசை நேரத்தில் சாமியார் சொன்னதை எப்படி மறுப்பது? மிராசுதார் எழுந்தார், செம்பை எடுத்தார். இன்னாசி காலை நீட்டினான்.

அத்தனை வருடமாகச் சாமியார் சொன்னதை அன்றைக்கு அவன் ஒருவன்தான் கேட்டிருந்தான். வயலிலிருந்து நேராக வந்திருந்தான். குதிகால் வெடிப்பெல்லாம் மண். தண்ணீர் பட்டதும் அது கரைந்து கரைந்து தாம்பாளத்தில் இறங்கியது. சாமியார் வெடிப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்தார். மண் வந்துகொண்டே இருந்தது. எந்த வயலுக்காகக் கும்பகோணத்தில் மனுப் போட்டிருந்தாரோ அந்த வயல் மண். மிராசுதார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் நூல் மாதிரி ஊற்றியவர், பிறகு செம்பைச் சாய்த்து ஊற்றினார். செம்பு காலியாகிவிட்டது. ஒரு கால்தான் முடிந்திருந்தது.

சாமியார் அடுத்த காலைக் கையில் ஏந்திக்கொண்டார். மிராசுதார் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க உபதேசியாரே" என்றார்.

தவலையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். எனக்குக் கண் மறைத்தது.

இதோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் நான் பொய்யன். அவர்கள் அன்று பேசிக்கொள்ளவில்லை; ஈஸ்டருக்கும் பேசிக்கொள்ளவில்லை. ஆனியில் தண்ணீர் வந்தது. இன்னாசி ஏரைப் பூட்டிக்கொண்டு போன காலையில் மிராசுதார் வரப்பில் நிற்பதாகச் செய்தி வந்து, ஊரே ஓடியது; நானும் ஓடினேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். இன்னாசி மாட்டை நிறுத்திவிட்டான். அவர் வயலைப் பார்த்தார், மடையைப் பார்த்தார். "மேல மடை அடைச்சுக் கெடக்கு. அதை வெட்டிவிட்டுட்டு எறங்கு" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார். கும்பகோணத்து விசாரணைக்கு அவர் போகவேயில்லை. மனு தானாகச் செத்தது. அந்தச் சட்டத்தை மட்டும் சாகும்வரை திட்டிக்கொண்டிருந்தார். யூதாஸ் என்ற பேரை அவர் வாயில் அதன் பிறகு நான் கேட்டதில்லை.

முட்டி நிஜமாகவே பிடித்துக்கொண்டதா என்று ஒருநாள் சாமியாரிடம் கேட்டேன். பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, "கெழவன் முட்டிய நீ சந்தேகப்படலாமா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் வாங்க முடியாது.

உவமைகளை எப்படி வாழ்க்கையில் கொண்டுவருவது என்று ஜெனிஃபரும் மற்றவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நான் விளக்கிச் சொன்னபோது இன்னாசி வரவில்லை. நாற்காலியை மாற்றிப் போட்டபோது வந்தான்.

இந்த வருடம் பெண்களும் பன்னிரண்டு பேரில் உட்கார்ந்தார்கள். ஜெனிஃபர் என்னையும் உட்காரச் சொல்லிவிட்டாள். எத்தனையோ வருடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. லூர்து விடுவாளா? மத்தியானமே பிடித்து உட்காரவைத்து, சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, தேங்காய் எண்ணெயும் தடவிவிட்டாள். மறுக்க மறுக்கக் கேட்கவில்லை.

கோயிலுக்குப் போனால் என் பக்கத்து நாற்காலியில் இன்னாசி, தடியை மடியில் வைத்துக்கொண்டு. குனிந்து என் காலைப் பார்த்தான்.

"என்ன உபதேசியாரே, எண்ணெய் மினுமினுக்குது. மதலைமுத்து சாமி இருந்திருந்தா உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

வெட்கமாகப் போய்விட்டது. காலை உள்ளே இழுத்துக்கொண்டே அவன் காலைப் பார்த்தேன். கணுக்கால் வரை மண். சாகுபடியெல்லாம் இப்போது அவன் மகன் பார்க்கிறான். இவன் அன்றும் வயலைச் சுற்றிவிட்டு நேராக வந்திருந்தான்.